விளக்கேற்றுபவரைத் தேடுங்கள்: ஊர் மரபைக் காக்கப் புறப்படுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பருத்தித்துறையில் தும்பளைப் பக்கமாகப் போனால் ஓரிடத்தில் வீதியே ஒரு மடத்துக்குள்ளால் போகும். இரண்டு பக்கமும் கல்லால் கட்டிய திண்ணை, தூண்கள், தலைக்கு மேலே கூரை. தெருமூடி மடம் என்று பெயர். வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி இளைப்பாறக் கட்டியது. யாழ்ப்பாணத்தின் மரபுச் சின்னம் எது என்று கேட்டால் பலரும் கோட்டையைச் சொல்வார்கள், நல்லூரைச் சொல்வார்கள். நான் முதலில் சொல்வது இந்த மடத்தை. அரசனும் இல்லை, ஆளுநரும் இல்லை. நடந்து களைத்த மனிதர்களை நினைத்து யாரோ கட்டிய ஒன்று அது.

தன் ஊரிலும் இப்படி ஏதோ ஒன்று இருக்கிறது, அது அழியப் போகிறது, என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் ஒரு ஆசிரியராக இருக்கலாம், பல்கலைக்கழக மாணவராக இருக்கலாம், சனசமூக நிலையச் செயலாளராக இருக்கலாம், லீவுக்கு ஊருக்கு வந்த வெளிநாட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். இந்த வேலைக்குப் பெரிய பணம் தேவையில்லை. நிறைய நேரமும் கேட்கிற காதும் வேண்டும்.

எதைத் தேடுவது

ஊரைச் சுற்றி ஒருநாள் சைக்கிளில் போய் வாருங்கள். காரில் போனால் பாதி கண்ணில் படாது. பார்க்க வேண்டியவை இவை: மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்ள நட்ட ஆவுரஞ்சிக் கல், தலைச்சுமையை ஒருவர் உதவியில்லாமல் இறக்கி வைக்கக் கட்டிய சுமைதாங்கி, கேணி, துரவு, மடம், துலா நின்ற கிணறு, கூரை போட்ட சங்கடப் படலை வைத்த வாசல், நடுவில் முற்றம் விட்டு நாலு பக்கமும் கட்டிய நாற்சார் வீடு, பழைய பள்ளிக்கூட மண்டபம், தேவாலயத்துச் சேமக்காலை, பள்ளிவாசல் மையவாடி. நெடுந்தீவுக்குப் போனால் வளவுக்கு வளவு முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய மதில்களைப் பார்ப்பீர்கள். அவையும் இந்தக் கணக்கில் சேரும்.

கல்லும் கட்டடமும் ஒரு பகுதிதான். கையிலும் வாயிலும் இருப்பது இன்னொரு பகுதி: நாட்டுக்கூத்து, ஒப்பாரி, தாலாட்டு, புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி பின்னுவது, ஒடியல் கூழ் காய்ச்சும் பக்குவம், வள்ளம் கட்டும் கணக்கு, காற்றுக்கும் கடலுக்கும் மீனவர் வைத்திருக்கும் பெயர்கள். கண்ணுக்குத் தெரியாத இந்தப் பண்பாட்டு மரபைக் காப்பதற்கென்று யுனெஸ்கோ 2003 இல் ஓர் உடன்படிக்கை செய்தது. இலங்கை 2008 இல் அதில் இணைந்தது. அந்த மரபை உருவாக்கிப் பேணிவரும் மக்களையே காக்கும் வேலையில் பங்காளிகளாக்க வேண்டும் என்று அந்த உடன்படிக்கை சொல்கிறது. அதன் சாரத்தை ஒருமுறையாவது படித்து வையுங்கள். அலுவலகங்களில் கதைக்கும்போது கைகொடுக்கும்.

முதலில் ஆளைத் தேடுங்கள்

நான் தொடங்கிய விதம் பிழையானது. அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

வலிகாமத்தில் ஒரு ஊர். வீதியோரமாகப் பற்றைக்குள் ஒரு சுமைதாங்கி நின்றது. நாங்கள் எட்டுப் பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்தி, மண்வெட்டியோடு போனோம். பற்றையை வெட்டினோம். கல்லில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தது. கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவினோம். படம் எடுத்து முகநூலில் போட்டோம். நிறையப் பேர் பாராட்டினார்கள்.

அடுத்த கிழமை போனபோது பக்கத்து வளவிலிருந்து ஒரு ஆச்சி வெளியே வந்தார். "ஆரைக் கேட்டு வெட்டினீங்கள் பிள்ளையள்?" என்றார். நாங்கள் வெட்டிய பற்றையில் பாதி நொச்சி. காய்ச்சல், தடிமன் என்றால் ஊர்ச் சனம் ஆவி பிடிக்க ஒடிக்கும் நொச்சி. அதைவிடப் பெரிய விசயம் அந்த எண்ணெய்ப் பிசுக்கு. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி கட்டுவது எங்கள் வழக்கம். சுமக்க முடியாமல் போனவளுக்காக மற்றவர் சுமையைத் தாங்கும் கல். அந்தக் கல் ஆச்சியின் பாட்டியாருடைய தங்கைக்காக வைத்தது. வெள்ளிக்கிழமைகளில் அதில் விளக்கு வைத்து வந்தவர் அவர். அவருக்கு முதல் அவருடைய தாயார். நாங்கள் குப்பை என்று தேய்த்தெடுத்தது இரண்டு தலைமுறை விளக்கெண்ணெய்.

அவர் எங்களைத் திட்டவில்லை. அது இன்னும் வலித்தது. அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இதை இப்ப ஆர் பார்க்கினம்?" கைவிடப்பட்டது போலத் தெரியும் பல இடங்களுக்கு ஒருவர் இருப்பார். கூட்டுகிறவர், விளக்கேற்றுகிறவர், திறப்பு வைத்திருக்கிறவர், பழைய கொப்பியைப் பெட்டகத்தில் பொத்தி வைத்திருக்கிறவர். அவருக்குப் பதவி இருக்காது. கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வரவும் மாட்டார். அவருடைய வீட்டுத் திண்ணைக்கு நீங்கள்தான் போக வேண்டும்.

போகும்போது போனைச் சட்டைப்பைக்குள் வையுங்கள். கமராவை வீட்டில் விடுங்கள். "ஆற்றை பிள்ளை?" என்ற கேள்வி கட்டாயம் வரும். பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். அந்தக் கேள்வியில்தான் உங்களை நம்பலாமா என்று அவர் முடிவெடுக்கிறார். தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். முதல் நாள் எதையும் பதிவு செய்ய வேண்டாம். மூன்றாவது தடவை போகும்போது அவரே ஏதாவது எடுத்துக் காட்டுவார்.

யாரைத் தவறவிடுகிறோம்

அடுத்தது ஊரில் அமைப்பாக இருப்பவர்களைச் சந்திப்பது. சனசமூக நிலையம், மாதர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், ஆலய பரிபாலன சபை, பங்குத் தந்தை, பள்ளிவாசல் நிர்வாகம், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், பழைய மாணவர் சங்கம். கிராம அலுவலருக்கும் பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பிரதேச செயலகங்களில் கலாசாரப் பேரவைகள் இருக்கின்றன. சில பேரவைகள் ஊர் வரலாற்று மலர்களும் வெளியிட்டிருக்கின்றன. உங்கள் ஊர்ப் பெயர் அவற்றில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆனால் இந்தப் பட்டியலில் உள்ளவர்களை மட்டும் கூப்பிட்டால் "ஊர்" வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். எங்கள் ஊர்களில் சாதி இருக்கிறது. "எல்லோரும் பயன்படுத்திய பொதுக்கிணறு" என்று நாங்கள் எளிதாக எழுதிவிடுவோம். அதில் அள்ள விடப்படாதவர்களின் பிள்ளைகள் அதே ஊரில் இருக்கிறார்கள். 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்த மண் இது. ஒரு கேணியின் கதையை எழுதுகிறீர்கள் என்றால் கட்டினவரின் பெயரோடு, மண் சுமந்தவர் யார், அள்ள முடியாமல் நின்றவர் யார் என்பதையும் கேட்டு எழுதுங்கள். கசப்பாகத்தான் இருக்கும். கேட்காமல் விட்டால் அந்தக் குடும்பங்கள் உங்கள் வேலைக்கு ஒருநாளும் வரமாட்டா. வராமல் இருப்பதற்கு அவர்களிடம் நியாயமும் இருக்கும்.

யாழ்ப்பாண நகரத்தில் முஸ்லிம் மக்கள் வாழ்ந்த சோனகதெருவை எடுங்கள். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். திரும்பி வந்தவர்களும் உண்டு, புத்தளத்திலேயே வேரூன்றிவிட்டவர்களும் உண்டு. யாழ்ப்பாண நகரத்தின் பழைய கடைகள், தையல், நகை வேலை, சமையல் பற்றி எழுதும்போது அவர்களைக் கேட்காமல் எழுதினால் அது பாதிக் கதை. பேருந்தில் புத்தளம் போய்க் கேட்கலாம். போய்வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எங்களை விடத் துல்லியமாக அவர்கள் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

பெண்களைத் தனியாகச் சந்தியுங்கள். பொதுக் கூட்டத்தில் ஐயாமார் கதைத்து முடிக்க நேரம் போய்விடும். குளக்கரையில், கோயில் மடைப்பள்ளியில், பெட்டி பின்னும் தாழ்வாரத்தில் போயிருந்தால் வேறு ஒரு ஊர் வெளியே வரும்.

முதல் கூட்டமும் தரையில் விரித்த வரைபடமும்

கூட்டத்தை வாசிகசாலையில் வையுங்கள். ஞாயிறு பின்னேரம் நல்ல நேரம். திருவிழாக் காலத்திலும் மாரியில் தோட்ட வேலை நெருக்கும் காலத்திலும் வேண்டாம். கதிரை வரிசைக்கு முன்னால் மேசை போட்டு மாலை மரியாதை செய்யும் கூட்டம் என்றால் சனம் கேட்டுவிட்டுப் போய்விடும். பாய் விரித்து, நடுவில் பெரிய கடதாசிகளை ஒட்டி வைத்து, ஒரு கோடு மட்டும் கீறி, "இது கோயிலடி வீதி. மிச்சத்தை நீங்கள் கீறுங்கோ" என்று பென்சிலைக் கொடுங்கள்.

அதற்குப் பிறகு நடப்பதைப் பார்க்க வேண்டும். "இதிலை ஒரு புளியமரம் நிண்டது", "இல்லையடா, அது அங்காலை", "அதுக்குக் கீழைதான் கூத்துக் கொட்டகை போடுறது." சண்டை பிடித்துப் பிடித்துப் படம் நிறையும். காணிப் பெயர்கள், வயல் பெயர்கள், ஒழுங்கைப் பெயர்கள் எல்லாம் வரும். இந்தப் பெயர்கள் காணி உறுதிகளிலும் இருக்கும் என்பதால் பிறகு சரிபார்க்கலாம்.

1990 இல் இடம்பெயர்ந்து பல வருடங்கள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்த வலிகாமம் வடக்கு மக்களோடு இதைச் செய்யும்போது வேறு ஒரு கவனம் வேண்டும். திரும்பிப் போனபோது வீடும் கோயிலும் கிணறும் இருந்த இடம் தெரியாமல் நின்றவர்கள் அவர்களில் பலர். அவர்களுக்கு அந்தக் கடதாசியில் கோடு கீறுவது அழுகையாக வரும். அவசரப்படுத்த வேண்டாம். கீறி முடித்த படத்தை நீங்கள் கொண்டுபோகவும் வேண்டாம். படம் எடுத்துக்கொண்டு, மூலத்தை அவர்களிடமே விடுங்கள்.

கூட்டம் முடியும் முன் மூன்று விசயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எது போய்விட்டால் உங்களுக்கு மனம் தாங்காது? எதை மற்றவர் பார்க்க வேண்டாம் என்று நினைக்கிறீர்கள்? இதனால் உங்களுக்கு என்ன வர வேண்டும்? இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. குலதெய்வ வழிபாட்டில் வெளியாருக்குக் காட்டாத பகுதிகள் உண்டு. வைத்தியக் குடும்பங்கள் வெளியே சொல்லாத முறைகள் உண்டு. வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

பதிவு செய்வது

இதற்குச் சாதாரண கைத்தொலைபேசி போதும். ஒலிப்பதிவுக்கு முன் பறக்கும் நிலையில் போடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் கனடாவிலிருந்து அழைப்பு வரும். மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள். தொடக்கத்திலேயே திகதி, இடம், பேசுபவர் பெயர், அவருடைய சம்மதம் ஆகியவற்றை அவருடைய குரலிலேயே பதியுங்கள். எங்கே பயன்படுத்தலாம், இணையத்தில் போடலாமா, பெயர் சொல்லலாமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். பிறகு மனம் மாறினால் எடுத்துவிடுவோம் என்றும் சொல்லுங்கள். பதிவின் ஒரு பிரதியை அவருடைய பிள்ளைகளுக்குக் கொடுப்பது உங்கள் கடமை. எனக்குத் தெரிந்த ஓர் ஐயா கதைத்த மூன்று மாதத்தில் காலமானார். அந்தியேட்டியன்று வீட்டில் அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டார்கள்.

தொழில் தெரிந்தவரிடம் போனால் சொற்களைச் சேகரியுங்கள். வல்வெட்டித்துறை மேத்திரிமார் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் 1938 இல் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இதைப் பெருமையாகப் பலரும் சொல்வார்கள். அந்தக் கப்பலின் ஒவ்வொரு மரத்துண்டுக்கும் ஒரு தமிழ்ப் பெயர் இருந்திருக்கும். கப்பலைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. அந்தப் பெயர்களில் கொஞ்சமாவது தெரிந்தவர்கள் இன்னும் இருக்கும்போது கேட்டு எழுதலாம்.

வீடுகளில் ஓலைச்சுவடி இருக்கும். சாமி அறையில் பட்டுத் துணியில் சுற்றி, வருடத்துக்கு ஒருமுறை சரஸ்வதி பூசைக்கு எடுத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். பக்தியோடு செய்வதுதான், ஆனால் ஈரச் சந்தனம் ஓலைக்குக் கேடு. துணியின் மேல் வைக்கலாமே என்று பணிவாகச் சொல்லுங்கள். ஒட்டிக்கிடக்கும் ஏடுகளைப் பிரிக்க முயல வேண்டாம், உடையும். கயிற்றைக் கழற்ற வேண்டி வந்தால் ஏட்டின் ஒழுங்கை முதலில் படம் எடுங்கள். லமினேட் செய்யவே கூடாது, பழைய கடிதத்தையும் உறுதியையும்கூட. சுவடியை வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அந்த வீட்டு மேசையில் வைத்து, யன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். அப்போதுதான் அடுத்த வீடும் கதவைத் திறக்கும்.

பிரதிகளை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். இதை யாழ்ப்பாணத்தவருக்கு விளக்கத் தேவையில்லை. 1981 மே 31 இரவு தொடங்கி எரிந்த பொது நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் அவற்றோடு சாம்பலாயின. குறைந்தது மூன்று பிரதி: ஒன்று வாசிகசாலையில், ஒன்று வெளியூரில் இருக்கும் ஒருவரிடம், ஒன்று இணையத்தில். 2005 முதல் இயங்கும் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்கள், பத்திரிகைகள், மலர்கள், சுவடிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் ஊர்க் கோயிலின் கும்பாபிடேக மலர், பள்ளிக்கூட நூற்றாண்டு மலர் அங்கே இல்லை என்றால் கொடுங்கள். அது சிறிய வேலை, பெரிய பயன். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது திகதி, ஊர், பொருள் என்ற ஒழுங்கில் வையுங்கள். இலக்கங்கள் மட்டும் உள்ள ஆயிரம் படங்களை இரண்டு வருடத்துக்குப் பிறகு எவராலும் பிரிக்க முடியாது.

மண்ணைத் தோண்டாதீர்கள்

கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் போடும்போதோ பானை ஓடு, காசு, எலும்பு, செதுக்கிய கல் வந்தால் வேலையை அந்த இடத்தில் நிறுத்துங்கள். இருந்தபடியே படம் எடுங்கள், பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்து. கிராம அலுவலருக்கும் தொல்பொருள் திணைக்களத்துக்கும் அறிவியுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படிப்பிக்கிறவர்களிடமும் ஆலோசனை கேட்கலாம்.

ஏன் இவ்வளவு கவனம்? 1980 இல் ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் செய்த அகழ்வில் பெருங்கற்காலப் புதைகுழி ஒன்றிலிருந்து ஒரு சிறிய முத்திரை கிடைத்தது. மேல் வரியில் குறியீடுகள், கீழ் வரியில் பிராமி எழுத்து. யாராவது மண்வெட்டியால் கிளறி எடுத்துச் சட்டைப்பையில் போட்டிருந்தால் அது வெறும் ஒரு துண்டு. எலும்புக்கூட்டோடும் மட்பாண்டங்களோடும் கிடந்த இடத்திலேயே எடுத்துப் பதிந்ததால்தான் அது எங்கள் வரலாற்றின் சாட்சியாக நிற்கிறது.

சட்டமும் இருக்கிறது. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1998 இல் திருத்தப்பட்டது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவதும், தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதும் குற்றம். பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்த கட்டடத்தில் ஊராரே ஆனாலும் விரும்பியபடி கை வைக்க முடியாது. நல்லெண்ணத்தோடு செய்தோம் என்பது அங்கே செல்லாது.

ஒரு பயமும் இருக்கிறது. "அறிவிச்சால் காணி போயிடும்" என்று சனம் வாய்விட்டுச் சொல்லும், சொல்லாமலும் இருக்கும். வடக்கு கிழக்கில் காணியோடு நாங்கள் பட்ட பாட்டுக்கு அந்தப் பயம் இயல்பானது. "அப்படி எல்லாம் நடக்காது" என்று நீங்கள் வாக்குக் கொடுக்காதீர்கள், கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. காணிச் சொந்தக்காரரின் உறுதி, எல்லை, நில அளவைப் படம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க உதவுங்கள். தேவையென்றால் ஒரு சட்டத்தரணியிடம் கூட்டிக்கொண்டு போங்கள். எழுத்தில் அறிவித்து, பிரதியில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

திருத்த வேலை: சீமெந்தை வெளியே வையுங்கள்

போர் அழித்தது ஒரு பக்கம். போருக்குப் பிறகு எங்கள் கையாலேயே நல்லெண்ணத்தோடு அழித்தது இன்னொரு பக்கம். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அன்போடு அனுப்பிய காசில், புனருத்தாரணம் என்ற பெயரில், முருகைக்கல் சுவரை இடித்துக் கொங்கிறீட் போட்டிருக்கிறோம். கருங்கல் தரைக்கு மேலே ரைல்ஸ் ஒட்டியிருக்கிறோம். பழைய மர வாகனங்களை வண்ணம் போய்விட்டது என்று விறகாக்கியிருக்கிறோம். கோயில் சபையோடு சண்டைக்குப் போகாமல், திருப்பணிக்காகத் தெய்வத்தை வேறிடத்தில் வைக்கும் பாலஸ்தாபனத்துக்கு முன்பே போய்க் கதையுங்கள். திருப்பணிக் காசு சேர்ந்த பிறகு யாரும் நிறுத்தமாட்டார்கள். "இடிக்க வேண்டாம்" என்று தொடங்காமல், "இந்த மண்டபத்தை அப்படியே வைத்துப் பலப்படுத்தினால் எவ்வளவு முடியும் என்று ஒரு கணக்குப் பார்ப்போம்" என்று தொடங்குங்கள்.

தொழில்நுட்பம் இதுதான். பழைய சுவர்கள் முருகைக்கல் அல்லது சுண்ணக்கல், இடையில் சுண்ணாம்புச் சாந்து. அந்தச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெயிலில் விடும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே நிற்கும். எங்கள் காற்றிலும் நிலத்திலும் உப்பு. அந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிக் கல்லை அரிக்கும். சில வருடத்தில் பூச்சு பாளம் பாளமாகக் கல்லின் முகத்தோடு சேர்ந்து விழும். எனாமல் பெயின்ட்டும் அப்படித்தான்.

ஆகவே சுண்ணாம்புக்கு சுண்ணாம்பே. நீற்றிய சுண்ணாம்பைப் பல கிழமை தண்ணீரில் ஊற விட்டு, அரித்து, உப்பில்லாத மணலோடு சேர்த்து, மெல்லிய படைகளாகப் பூச வேண்டும். நனைத்த சாக்கால் மூடி மெதுவாகக் காய விட வேண்டும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாரியில் தொடங்க வேண்டாம். உச்சி வெயிலிலும் வேண்டாம். முதலில் மறைவான ஒரு மூலையில் இரண்டடி பூசிப் பாருங்கள். ஊரில் சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான மேசன் ஒருவர் இருந்தால் அவருக்கு முழுக் கூலி கொடுத்து, இரண்டு இளம் மேசன்மாரை அவரோடு விடுங்கள்.

சுவரில் முளைத்த ஆலங்கன்றையும் அரசங்கன்றையும் வேரோடு இழுக்காதீர்கள், கல்லும் சேர்ந்து வரும். மேலே வெட்டி, வேர் பட்டுப்போக விட்டு, பிறகு இடைவெளியைச் சாந்தால் அடைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முதல் மழைத்தண்ணீர் எங்கால் இறங்குகிறது என்று பாருங்கள். ஒரு பீலியைச் சரிசெய்தால் பாதி வேலை முடிந்த சுவர்களும் உண்டு.

நாற்சார் வீடுகள் பற்றி ஒரு வார்த்தை. பத்துப் பங்காளி நாலு நாட்டில் இருப்பார்கள். விற்பார்கள், இடிப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை, பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பராமரிப்பது அவ்வளவு கடினம். இடிக்கும் முன் ஒரு கிழமை தாருங்கள் என்று கேளுங்கள். அளந்து, படம் கீறி, முற்றத்தில் நின்று நாலு பக்கமும் படம் எடுங்கள். தூணும் கதவும் மரக்காலைக்குப் போகும் முன் ஒரு பள்ளிக்கூடத்துக்கோ வாசிகசாலைக்கோ கிடைக்குமா என்று கேளுங்கள்.

பயன்படுத்துவது, பங்கு பிரிப்பது

கூத்தை எடுப்போம். குருநகர், பாசையூர்ப் பக்கங்களில் புனிதர்களின் கதையைக் கூத்தாக ஆடுகிறார்கள். காத்தவராயன் கூத்தைப் பல அம்மன் கோயில்களில் நேர்த்திக்கு வைத்து விடிய விடிய ஆடுவார்கள். நேர்த்திக்கு ஆடுவதை ஹோட்டல் மேடையில் இருபது நிமிடமாகச் சுருக்கித் தரும்படி கேட்பதற்கு முன் கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரிடம் போங்கள். எந்தப் பகுதியை வெளியே ஆடலாம், எதை ஆடக்கூடாது என்று அவர் சொல்வார். முழுக் கூத்தையும் ஒருமுறை தொடக்கம் முதல் முடிவு வரை பதியுங்கள். பாட்டுக் கொப்பியைத் தட்டச்சு செய்து கொடுங்கள். அப்புறம் மத்தளமும் சலங்கையும் வாங்கக் காசு தேடுங்கள். பள்ளிக்கூடத்தில் பழக்குவதென்றால் அண்ணாவியாருக்குச் சம்பளம் கட்டாயம். பொன்னாடை போர்த்தி அனுப்புவதை நாங்கள் நிறுத்த வேண்டும்.

பனையோலை வேலையிலும் இதே கணக்கு. சார்வோலை வெட்டுவிப்பது, காயவைப்பது, கிழிப்பது, சாயம் போடுவது, பின்னுவது என்று ஒரு பெட்டிக்குப் போகும் நேரத்தை அந்தப் பெண்களோடு இருந்து மணிக்கணக்காக எழுதிப் பாருங்கள். அதை வைத்து விலை போடுங்கள். 1978 இல் அமைத்த பனை அபிவிருத்திச் சபையின் பயிற்சிகள், விற்பனை நிலையங்கள் பற்றி விசாரியுங்கள். சுற்றுலாக்காரருக்கென்று புதுச் சாமான் செய்யும்போது கடகம், சுளகு, நீத்துப்பெட்டியைக் கைவிட வேண்டாம். அவற்றின் அளவும் பின்னலும் தெரிந்தவர்களிடம்தான் மற்றதெல்லாம் பிறக்கிறது.

மரபு நடை வைப்பது எளிது. நல்லூரில் சங்கிலியன் தோப்பு வளைவு, ப வடிவ யமுனா ஏரி, மந்திரி மனை எல்லாம் நடந்து பார்க்கும் தூரம். பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். கதை சொல்வது அந்தச் சுற்றாடலில் வாழ்பவராக இருக்கட்டும். கோயிலுக்குள் போவதென்றால் ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும் என்பதை முதலே சொல்லிவிடுங்கள். தண்ணீரும் கழிப்பறையும் எந்த வீட்டில் என்று பேசி, அந்த வீட்டுக்கு அதற்குரியதைக் கொடுங்கள். மதியச் சாப்பாட்டை மாதர் சங்கத்திடம் விடுங்கள்.

காசு வந்தால் பிரச்சினையும் வரும். முதல் ரூபாய்க்கு முன்பே பங்கை எழுதிவிடுங்கள்: கதை சொல்பவருக்கு எவ்வளவு, சமைப்பவருக்கு எவ்வளவு, இடத்தின் பராமரிப்புக்கு எவ்வளவு. மாதம் ஒருமுறை வாசிகசாலைப் பலகையில் வரவு செலவை ஒட்டுங்கள், கூட்டத்தில் வாசியுங்கள். ஒரு நல்ல குழு உடைந்துபோனதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். யாரும் களவெடுக்கவில்லை. கணக்கு வாசிக்கவில்லை, அவ்வளவுதான்.

கொப்பி

கடைசியாக ஒரு தடித்த கொப்பி வாங்கி வாசிகசாலையில் வையுங்கள். நீங்கள் வெளியூர் போகலாம், வேலை மாறலாம். எந்த இடத்தின் திறப்பு யாரிடம், எந்த மேசனுக்குச் சுண்ணாம்பு தெரியும், எந்தப் பதிவு எந்தப் பெட்டியில், எந்தக் குடும்பம் எதை வெளியே சொல்ல வேண்டாம் என்றது, எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். தைப் பொங்கலுக்குப் பிறகு வருடம் ஒருமுறை ஆட்களைக் கூட்டிப் பக்கங்களைத் திருத்துங்கள்.

அந்தச் சுமைதாங்கி இருக்கும் ஊரிலும் இப்போது ஒரு கொப்பி இருக்கிறது. முதல் பக்கத்தில் முதல் பெயர் அந்த ஆச்சியுடையது. அதற்குக் கீழே அவருடைய பேரப்பிள்ளையின் பெயர், ஏ.எல். படிக்கிற பிள்ளை. ஆச்சிக்குக் கால் ஏலாமல் போனதிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் எண்ணெய் கொண்டுபோவது அவள்தான். நொச்சியும் திரும்பத் தளிர்த்துவிட்டது.